மூச்சைப் பிடிங்க

மார்கழி பதினொன்று. பத்தொன்பது டிகிரி.
இதற்கே மதுரை
குரங்குக் குல்லாய்க்குள் போய்விட்டது.
ஒத்தக்கடை டீக்கடைக்காரர்
ட்ரைபாடைப் பார்த்துக் கேட்டார்:
"சர்வேயா? மலையில என்ன தோண்டப் போறாங்க?"
படம் மட்டும்தான் என்றோம்.
நம்பாமலே சில்லறை கொடுத்தார்.

துதிக்கைப் பக்கம் செங்குத்து.
வால் பக்கமாக ஏறினோம், நானும் சோணைராஜும்.
ட்ரைபாடின் ஒரு கால் போன வருஷம் உடைந்தது,
ஆஸ்பத்திரி பிளாஸ்திரி சுற்றியிருக்கிறேன்.
எக்ஸ்ரே ரூமில் வேலை பார்ப்பவனுக்கு
இதாவது மிச்சம்.

செல்போன் வெளிச்சம்
அடுத்த அடிக்கு வேண்டிய மலையை மட்டும் கொடுத்தது.
ராத்திரி முழுக்கக் குடித்த குளிரைப்
பாறை உள்ளங்கையில் இறக்கியது.
கீழே நரசிங்கத்தில் ஒலிபெருக்கி
இரண்டு தரம் கரகரத்துவிட்டுப் பாடத் தொடங்க,
"சூரியன் நாளைக்கும் வரும்டா"
என்று உட்கார்ந்துவிட்டான் சோணைராஜ்.

உச்சிக்கு வந்தபோது ஐந்தே முக்கால்.
ரோட்டிலிருந்து பார்த்தால்தான் யானை.
முதுகில் நிற்பவனுக்கு வெறும் கல்.

கீழே ஊர் இல்லை.
கண்மாய், வயல், நாலுவழிச் சாலை
எல்லாம் வெள்ளைக்குள்.
"பாற்கடல்" என்றான்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
அடிப்பாகம் வெளுத்த நெஞ்சுப் படம்.
நீர் கோத்தால் இப்படித்தான்
கீழிருந்து ஏறும்.
தொழில் புத்தி.

ஐஎஸ்ஓ நூறு. அபர்ச்சர் பதினொன்று.
லென்ஸில் பனி பூத்தது. துடைத்தேன்.
திரும்பவும் பூத்தது.
தென்கிழக்கே கோடு சிவந்ததும்
ஃபிரேமுக்குள் வந்து நின்றது அந்தக் குன்று,
பாதி மட்டும்.
நூல் பிடித்து அறுத்த மாதிரி நேராக நின்றது.
மறுபாதி எந்த ஊர்ச் சமையல் மேடையோ.
ட்ரைபாடை இரண்டடி நகர்த்தினேன்.
ஓர் இலந்தைப் புதர் அதை மறைத்தது.
அழகாக இருந்தது.

அப்போது நினைவுக்கு வந்தார்,
செவ்வாய்க்கிழமை, டோக்கன் முப்பத்தெட்டு,
சின்னழகு, வயது நாற்பத்தாறு,
கல்குவாரியில் பதினேழு வருஷம், டிரில்லிங்.
நெஞ்சை ஒட்டி நில்லுங்க.
நல்லா மூச்சை இழுங்க. பிடிங்க.
அவரால் பிடிக்க முடியவில்லை.
முதல் படம் ஆடிப்போனது.
இரண்டாவதில்
இரு நுரையீரலின் மேல்பக்கமும்
குருணை இறைத்தது போல் பொடிப்பொடியாக.
"எப்படி இருக்கு தம்பி?"
எடுக்கிறதுதான் என் வேலை,
டாக்டர் சொல்வார் என்றேன்.
சட்டைப் பொத்தானைத்
தப்பாகப் போட்டுக்கொண்டு போனார்.

அந்தப் பாதிக் குன்று எங்கே போனதென்று
லாரி எண்ணிக் கணக்குப் பார்க்கிறார்கள்.
கொஞ்சத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சூரியன்
ஓடு கீறிய முட்டையாகக்
கசிந்து வந்தது.
ட்ரைபாடைப் பழைய இடத்துக்கே இழுத்தேன்.
பிளாஸ்திரி அவிழ்ந்துகொண்டது.
அந்தக் காலைக் கையில் தாங்கிப் பிடித்து
ஷட்டர் கால் நொடி வைத்து
மூச்சைப் பிடித்தேன்.
விடலாம் என்று சொல்ல
அங்கே ஆளில்லை.

ஆறு படம். ஐந்து ஆடிவிட்டது.
மிச்சம் ஒன்றைச் சின்னத் திரையில் பார்த்துவிட்டு
"சூப்பர்டா, அந்த மொட்டையை மட்டும் அழிச்சிரு,
ரெண்டு நிமிஷ வேலை" என்றான் சோணைராஜ்.
பதில் சொல்வதற்குள்
பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு பறித்துப் போனது.
அவன் அதன் பின்னால் ஓடினான்.

ஏழரைக்கெல்லாம் வெயில் வந்து
ஒத்தக்கடையின் குல்லாய்களைக் கழற்றிவிட்டது.
எட்டு மணிக்கு டியூட்டி.
வராந்தாவில் அதற்குள் இருபது பேர்.
நகக்கண்ணில் மலைத் தூசி,
சோப்பு போட்டும் முழுதாகப் போகவில்லை.
டோக்கன் ஒன்று,
உள்ளே வாங்க.